தலைமுறையுரிமையும் கண்ணும்: குரூசோன் நோய்

மாணவர்களே, ஆட்சியுடைய இயல்புக்கு இந்நோய் சிறந்த உதாரணமாகும். பிரான்சிய மருத்துவர் ஒக்டாவ் குரூசோன் இதனை 1912 இல் விவரித்தார். 10 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரையலகொன்றின் விகாரமே பெரும்பாலும் காரணம்.

விளைவுகள்:
1. மண்டையோட்டு என்புகள் உரிய காலத்துக்கு முன்னரே ஒன்றிணையும்.
2. கட்குழி ஆழம் குறைவதால் கண்கள் வெளித்தள்ளும். கண்மடல்கள் முழுமையாக மூடாவிடின் விழிவெண்படலம் உலர்ந்து புண்படும்.
3. மண்டையோட்டினுள் அமுக்கம் கூடினால் பார்வை நரம்பு பாதிப்புறும்.

கவனிக்க: இங்கு பார்வைக்குக் கேடு வருவது பெரும்பாலும் என்பு வளர்ச்சிக் குறைபாட்டினாலேயே. எனவே காலந்தாழ்த்தாது கண்ணைப் பரிசோதித்து, தேவையான சத்திரசிகிச்சை செய்தால் பார்வையைக் காக்கலாம். இவர்களது நுண்ணறிவு பெரும்பாலும் இயல்பானதே. தோற்றத்தைக் கொண்டு எவரையும் எடைபோடாதீர்கள்.

வினா: பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் ஒரு விகார எதிருரு உண்டு. பிள்ளைக்கு அது கடத்தப்படும் நிகழ்தகவு யாது?
விடை: ஒவ்வொரு பிறப்பிலும் 1/2. ‘இருவரில் ஒருவருக்கு நிச்சயம்’ என எழுதுவது பிழை.