கீழாநெல்லியும் காமாலையும்

வடகிழக்குப் பருவமழை பெய்ததும் ஆலங்குடி வட்டாரத்துக் கண்மாய்க் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் தானே முளைத்துத் தழைக்கும் சிறுசெடிகளுள் ஒன்று கீழாநெல்லி. இலைகளின் கீழ்ப்புறத்தே கடுகு போன்ற காய்களை வரிசையாகத் தாங்குவதால் கீழ்க்காய்நெல்லி எனவும் வழங்கப்பெறும். சுக்கு, ஓமம், துளசி, தூதுவளை என நம் இல்லங்களில் கைம்மருந்துகள் பல இருக்க, இதனை மட்டும் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. சளிக்குக் குடித்த கஷாயம் பலிக்காவிடின் இரண்டு நாள் கூடுதலாக இருமுவோம், அவ்வளவே. காமாலையில் மருந்து பலிக்காவிடின் இழப்பது உயிராகவும் இருக்கலாம்.

கண் மஞ்சளித்தால் இச்செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பர். புளியும் எண்ணெயும் நீக்கிய பத்தியமும் உண்டு. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். ஆகவே செடியின்மீது நம்பிக்கை பிறந்தது இயல்பே. எனினும் காமாலை தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவானதோர் அறிகுறி. மாசுற்ற நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானே தணியும் இயல்பினது. எலிக்காய்ச்சலும் பித்தக்கல் அடைப்பும் அத்தகையன அல்ல. அங்ஙனமாயின், ஒருவரைத் தேற்றியது செடியா, உடலின் ஆற்றலா என்று எவ்வாறு பிரித்தறிவது?

இவ்வினாவிற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழிகாட்டியவர் இப்னு சீனா (980–1037). யுனானி மருத்துவர் போற்றும் தம் ‘அல்கானூன்’ நூலில் மருந்தைச் சோதிக்கும் நெறிகளை அவர் வகுத்துரைத்தார். கலப்பு நோயில் அன்றித் தனிநோயிலேயே மருந்தைச் சோதித்தல் வேண்டும் என்பது ஒன்று. பலன் எப்போதுமோ பெரும்பான்மையுமோ நிகழ்தல் வேண்டும். இன்றேல் அது தற்செயலே என்பது மற்றொன்று.

கீழாநெல்லி இத்தகைய சோதனைக்கு உட்பட்டது நம் சென்னையிலேயே. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து, 1976இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான புளும்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ்.பி. தியாகராஜனும் உடனுழைப்பாளரும் சேர்ந்து நிகழ்த்திய ஆய்வு 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. அக்கிருமியை நெடுநாள் உடலில் தாங்கியோருக்குச் செடியின் தூள் 200 மில்லிகிராம் வீதம் நாளும் மூன்று வேளை, 30 நாள் தரப்பட்டது. உண்ட 37 பேருள் 22 பேரின் குருதியில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுத்தூள் உண்ட 23 பேருள் ஒருவருக்கே அவ்வாறு ஆயிற்று. நம் வரப்புச் செடியை உலகம் வியந்து நோக்கிய காலம் அது!

ஆயினும் பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. 2011இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும் உறுதியான சான்று இல்லை என்றே கூறிற்று. கீழாநெல்லி என்னும் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிவகைகள் வழங்குவதும் குழப்பத்தை மிகுத்தது. சென்னை ஆய்வைப் பயனற்றது எனத் தள்ளுதல் தகாது. நம் பாட்டிமார் கைம்மருந்தை அளவிட்டு, எண்ணி, ஒப்புநோக்கும் நெறிக்கு அது கொணர்ந்தது. ஆனால் அதன் முதற்பகுதியை மட்டும் மேடைகளில் முழங்கிப் பிற்பகுதியை விடுத்தல் நேர்மையன்று.

ஊர்ப் பெரியோரிடம் நாம் வேண்டுவது இதுவே: மருந்து அரைக்குமுன் குருதிச் சோதனை நடக்கட்டும். கருவுற்ற தாய்க்குக் காமாலை கண்டால் ஒருநாளும் தாமதிக்கலாகாது; கருவின் இறுதி மாதங்களில் ஹெபடைடிஸ் இ உயிருக்கே உலை வைக்கும். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சளிக்கும் குழவிக்கும் மருத்துவமனையே புகலிடம். மஞ்சள் நிறமி மிகின் மூளை கெடும். எவராயினும் பிதற்றல், மிகுதுயில், ஓயாத வாந்தி, குருதிக்கசிவு காணின் அவ்வாறே. கண்ணிலும் மூக்கிலும் சாறு பிழியும் வழக்கத்தை அறவே விடுதல் நலம்.

ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றிற்கு இலவசச் சோதனையும் சிகிச்சையும் அளிக்கும் தேசியத் திட்டம் 2018 ஜூலை 28இல் தொடங்கப்பட்டது. ஹெபடைடிஸ் பி நோயைத் தடுக்கும் ஊசியை, குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம்.