ஆகாயத் தபாலும் சர்க்கார் மானியமும்

முதல் உலக மகாயுத்தம் 1918-ல் முடிந்ததும் ஐரோப்பாவில் யுத்த விமானங்கள் வேலையின்றி நின்றன. அவற்றையே சற்று மாற்றியமைத்துப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லலாமெனச் சிலர் துணிந்தனர். 1919 ஆகஸ்டு 25-ந் தேதி லண்டனையடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து பாரிஸுக்குத் தினசரி விமானப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. முதல் விமானத்தில் சென்றவை ஒரே பிரயாணியும், பத்திரிகைக் கட்டுகளும், தோலும், பாலேடும், வேட்டைப் பறவைகளுமே. நவம்பரில் தபாலும் ஏறிற்று. அவுன்ஸுக்கு இரண்டரை ஷில்லிங் விசேஷக் கட்டணம். அத்தனை கொடுத்து எழுதுவோர் எத்தனை பேர்?

பிரெஞ்சு சர்க்கார் தம் கம்பெனிகளுக்கு மானியம் அளித்தனர். ஆங்கிலக் கம்பெனிகளோ அஃதின்றிப் பறந்தன. விளைவு, 1921 பிப்ரவரி 28-ல் அவை யாவும் நின்றன! மறுமாதமே பிரிட்டிஷ் சர்க்காரும் உதவ முன்வந்தனர். ஆயினும் உதவி பெற்ற கம்பெனிகள் பாரிஸ் மார்க்கத்திலேயே ஒன்றோடொன்று போட்டியிட்டன. ஒரே கிராமத்தில் இரண்டு சங்கங்கள் ஏற்படுத்தி இரண்டையும் நஷ்டப்படுத்துவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. 1924 மார்ச்சு 31-ல் நான்கு கம்பெனிகள் ஒன்றாகி 'இம்பீரியல் ஏர்வேஸ்' ஆயின. பத்து வருஷங்களில் பத்து லட்சம் பவுன் மானியம்.

1929 மார்ச்சு 30-ல் அதன் தபால் கராச்சிக்குப் புறப்பட்டது. நடுவே பாஸல் நகரில் இறக்கி, ஜெனோவா வரை ரயிலிலேயே கொண்டு செல்ல வேண்டியிருந்தது. கராச்சியிலிருந்து சென்னை வரை தபாலைப் பறக்கச் செய்தது 1932 அக்டோபரில் டாட்டா விமானம்.