தூத்துக்குடியில் வேலை, பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் வீடு: மனை பார்க்கும் முறை

துறைமுகம், ஸ்பிக், அனல்மின் நிலையம் என்று தூத்துக்குடியில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்களுக்கு நகருக்குள் மனை விலை கட்டுப்படியாவதில்லை. 2025 ஆகஸ்டில் சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்ததும் எல்லோருடைய பார்வையும் மதுரை சாலைப் பக்கம் திரும்பியிருக்கிறது. குறுக்குச்சாலை, ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி வரை மனை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். அங்கே பணத்தைப் போடுமுன் செய்ய வேண்டியதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். திசையை வேலை முடிவு செய்யட்டும். இடத்தைத் தண்ணீர் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் திசை. துறைமுகத்திலோ ஸ்பிக்கிலோ வேலை என்றால் தெற்கே முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் பாருங்கள். விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் பக்கம் வேலை என்றால் திருநெல்வேலி சாலையில் புதுக்கோட்டை வசதி. சிப்காட்டிலோ நகரின் வடபகுதியிலோ வேலை பார்ப்பவர்களுக்குத்தான் பாஞ்சாலங்குறிச்சி பொருந்தும். அங்கிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 20 கிலோமீட்டர். துறைமுகம் என்றால் நகரையும் கடந்து போக வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். வீட்டில் இருவர் வேலைக்குப் போனால், இரவு ஷிப்டு பார்ப்பவருடைய பாதையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்து, அந்தப் பாதையில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தரகர் காரில் போய் வருவதெல்லாம் கணக்கில் சேராது. காலை 6 மணி ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் உங்கள் பைக்கில் ஒருமுறை, இரவு 10 மணி ஷிப்டு முடிந்து திரும்புகிற நேரத்தில் ஒருமுறை போங்கள். நாலுவழிச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவது எப்படி, குறுக்குச்சாலையில் இறங்கி ஊருக்குள் திரும்புகிற இடத்தில் வெளிச்சம் இருக்கிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கார் வைத்திருப்பவர்கள் புதூர்பாண்டியாபுரம் சுங்கச்சாவடியையும் செலவில் சேர்க்க வேண்டும். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்குச் சொந்தக் காருக்கு மாத பாஸ் உண்டு. பைக்குக்குக் கட்டணம் கிடையாது. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலயத் திருவிழா நாட்களில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் போலீஸ் கெடுபிடி இருக்கும். அந்த நாட்களில் எந்த வழியாக வேலைக்குப் போகிறார்கள் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுவையுங்கள்.

இனி தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து, நகரின் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. ஆகவே எந்த ஊரில் மனை பார்த்தாலும் முதலில் டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள்: “அண்ணாச்சி, அந்த வெள்ளத்துல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” கையை நீட்டி இடுப்பளவா, முழங்காலளவா என்று காட்டுவார்கள். பிறகு பக்கத்து வீடுகளின் வெளிச்சுவரைப் பாருங்கள். வெள்ளை அடித்த பின்னும் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு தெரிந்தாலோ, கரண்டு மீட்டர் பெட்டியைப் புதிதாக மேலே ஏற்றி வைத்திருந்தாலோ தரகரிடம் விசாரிக்க ஒன்றுமில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் புல வரைபடம் வாங்கி, ஓடை எந்தப் பக்கம் போகிறது, கண்மாய் எங்கே நிரம்பி எங்கே மறுகால் பாய்கிறது என்பதைப் பாருங்கள். வரைபடத்தில் ஓடை இருந்து, நேரில் சிமெண்ட் ரோடு இருந்தால் அந்த மனைப்பிரிவே வேண்டாம். மழைக்குப் பழைய வழி மறக்காது.

குடிதண்ணீருக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைத் தரகரிடம் கேட்காதீர்கள், குடத்தோடு நிற்கும் அக்காமாரிடம் கேளுங்கள். கடலோரமும் உப்பளமும் நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். பக்கத்து போரிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்ல தண்ணீர். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரைதான் குடிநீர்த் தரம் அனுமதிக்கிறது.

ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் பெரும்பாலும் கரிசல். மழையில் உப்பி, கோடையில் சுருங்குகிற மண். சித்திரையில் போய்ப் பார்த்தால் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அருகில் கட்டிய வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது பூச்சு வேலையின் கோளாறு அல்ல, அஸ்திவாரத்தின் கோளாறு. மண் பரிசோதனை செய்து, தேவையென்றால் அடி அகன்ற பைல் போட வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்த பிறகுதான் சென்ட் விலை மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

காகித வேலையை வக்கீலிடம் விட்டாலும் சிலதை நீங்களே கேளுங்கள். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு ஆகிய நான்கிலும் சர்வே எண் ஒன்றாக இருக்க வேண்டும். 1892-ல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்பதை அ-பதிவேட்டில் பாருங்கள். அது அவர்களுக்குரிய நிலம், அதை வாங்க வேண்டாம். மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் வேண்டும், பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ இருந்தால் ரெரா எண்ணும் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத, அங்கீகாரமில்லாத மனையைப் பதிவு செய்யச் சட்டம் இடம் கொடுக்காது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் எச்சங்களைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அதன் அருகில் மனை என்றால், கட்டலாமா என்று அந்தத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு முன்பணம் கொடுங்கள். பதிவு முடிந்ததும் சர்வேயரை வரவழைத்து அளந்து, நான்கு மூலையிலும் எல்லைக்கல் நட்டு, உட்பிரிவுப் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே கட்டட வேலையைத் தொடங்குங்கள்.