மோகன் குமாரமங்கலம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள ஊர் கோம்பை. அத்தகைய ஊர்களில் கண்மாய் எல்லோர்க்கும் உரியது. ஆயினும், காலமறிந்து மடையைத் திறக்கவும் அடைக்கவும் பொறுப்புள்ள ஒருவர் இல்லையேல், கண்மாய் நிறைந்திருந்தும் கடைமடை வயல் காய்ந்துபோகும். ஒன்றைப் பொதுச் சொத்தாக்குவது ஒரு செயல். அதனைச் செம்மையாக நடத்துவது மற்றொரு செயல். இவ்விரண்டிலும் ஈடுபட்டவர் மோகன் குமாரமங்கலம்.

திருச்செங்கோட்டிற்கு அருகிலுள்ள குமாரமங்கலத்து ஜமீன்தாரான டாக்டர் சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கியவர். அவர்தம் மைந்தர் மோகன், 1916இல் இலண்டன் மாநகரில் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1938இல் அப்பல்கலைக்கழக மாணவர் சொற்போர் மன்றத்தின் தலைவரானார். செல்வக் குடியிற் பிறந்த அவர், தாயகம் திரும்பியதும் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து தொண்டாற்றினார், சிறையும் புகுந்தார்.

பின்னர் வழக்கறிஞராகப் புகழ்பெற்று, 1966இல் சென்னை மாநில அரசின் தலைமை வழக்கறிஞரானார். அதன்பின் அவர் ஏற்ற பணி புதுமையானது. அரசுக்குரிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமான நிறுவனத்திற்கு அவர் தலைவரானார். குறைகளை எடுத்துக் கூறும் மேடைப் பேச்சாளர்க்குச் சொல்வன்மை போதும். நிறுவனத்தை நடத்துவோர்க்கோ வரவு செலவு, ஊழியர் நலம், பயணிகளின் வசதி ஆகிய மூன்றும் எந்நேரமும் கண்முன் நிற்கும். ஒன்றைக் காக்கப் புகுந்து மற்றொன்றைக் கைவிடுதல் இயலாது.

1971இல் பாண்டிச்சேரியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மோகன், எஃகு, சுரங்கத் துறைகளின் மத்திய அமைச்சரானார். அவர் காலத்தில் தனியாரிடமிருந்த நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. அத்துடன் அவர் அமைதி கொள்ளவில்லை. அரசின் எஃகு ஆலைகளைத் தொழில் அறிந்தோர் பொறுப்பேற்று நடத்தவேண்டும் என விழைந்தார். அதன் பயனாக, 1973ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் 'செயில்' எனப்படும் இந்திய எஃகு ஆணையம் தோன்றியது.

அதன் வளர்ச்சியைக் காண அவர் இருக்கவில்லை. அவ்வாண்டு மே 31ஆம் நாள், தில்லியில் இறங்கவிருந்த விமானம் ஒன்று வீழ்ந்து நொறுங்கியது. அதிற் பயணம் செய்த மோகன் உயிர்நீத்தார். அவர் முன்பு தலைமை தாங்கிய இந்தியன் ஏர்லைன்ஸின் விமானமே அது. அப்பொழுது அவர்க்கு அகவை 56.

நாட்டுடைமை நன்றோ அன்றோ என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். ஆயினும் பொதுப்பணி ஏற்போர் மறவாதிருக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கண்மாய் யாருக்குரியது என்று கேட்பதோடு நில்லாமல், கடைமடை வயலுக்கு நீர் சென்று சேர்ந்ததா என்றும் கேட்டல் வேண்டும்.