இசைத்தட்டில் எது எவ்வளவு?



மைக் செட் கடைகளில் பழைய இசைத்தட்டு பார்த்திருப்பீர்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி வந்த காலத்துத் தட்டு அரக்கால் ஆனது, கீழே விழுந்தால் உடையும். 1948-ல் அமெரிக்காவில் வந்த எல்.பி. தட்டு வினைல் பிளாஸ்டிக்கால் ஆனது.

நம் போர் பைப்பு பி.வி.சி. அதில் வினைல் குளோரைடு மட்டும்தான் சங்கிலியாகக் கோத்திருக்கும். காவிரித் தண்ணீர் வருகிற மேட்டூரிலேயே 1967-ல் தொடங்கிய கெம்பிளாஸ்ட் ஆலை பி.வி.சி. செய்கிறது. இசைத்தட்டிலோ வினைல் அசிட்டேட்டும் கொஞ்சம் சேரும். மல்லிகையோடு கனகாம்பரம் வைத்துக் கட்டிய சரம் மாதிரி! இதற்குக் கோபாலிமர் என்று பெயர். அசிட்டேட்டு சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே இளகி, அச்சின் நுண்ணிய கோடுகளில் நன்றாகப் படியும். அளவு கூடிப்போனால் தட்டு வெயிலில் சீக்கிரம் வளைந்துவிடும். அதனால் அளந்துதான் ஆகணும். எப்படி?

1. இருக்கா, இல்லையா?
செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால் தீ பச்சையாக எரியும். அப்படியென்றால் குளோரின் இருக்கலாம். இது பெயில்ஸ்டீன் சோதனை (1872). ஆனால் எவ்வளவு என்று இது சொல்லாது. நெல்லைப் பல்லில் கடித்தால் காய்ந்ததா என்று தெரியும். 17 சதவீத ஈரமா என்று கொள்முதல் நிலையத்து மெஷின்தானே சொல்லும்!

2. எவ்வளவு?
முதலில் கல் அரிப்பது போல, தட்டைக் கரைப்பானில் கரைத்து, கறுப்புக் கரியை வடிகட்டி, சுத்தமான பிளாஸ்டிக்கை மட்டும் பிரிக்க வேண்டும். அதில் சிறிதளவு எடுத்து எடை போட்டு, ஆக்சிஜன் நிரப்பிய குடுவையில் எரித்து, வாயுவைக் காரக் கரைசலில் பிடிப்பார்கள். பிறகு அமிலமாக்கி, சில்வர் நைட்ரேட் சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு வரும். 143.5 கிராம் வீழ்படிவில் குளோரின் 35.5 கிராம்.

இப்போ கணக்கு. வினைல் குளோரைடின் மூலக்கூறு எடை 62.5. அதில் குளோரின் 35.5, அதாவது 56.8 சதவீதம். வினைல் அசிட்டேட்டில் குளோரினே கிடையாது. சோதனையில் 48.3 சதவீதம் வந்தால், 48.3 ÷ 56.8 = 0.85. ஆக வினைல் குளோரைடு 85 பங்கு, மீதி 15 பங்கு அசிட்டேட்டு. நம்ம வகுப்பு வகுத்தல் கணக்கேதான்!

3. சரிதானா?
அகச்சிவப்புக் கதிரைச் செலுத்திப் பார்ப்பார்கள். அசிட்டேட்டு தனக்கென்று ஒரு பகுதிக் கதிரை உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சுதோ அவ்வளவு அசிட்டேட்டு. இரண்டு விடையும் ஒத்துப்போனால் நம்பலாம்.

இது நமக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். பி.வி.சி. எடையில் பாதிக்கு மேல் குளோரின் என்று பார்த்தோமே. போகியன்று உடைந்த பைப்பு, ஒயர், பழைய தட்டு எல்லாம் தீயில் போட்டால், அந்தக் குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாக வரும். கண் எரியும், தொண்டை கமறும். டையாக்சின் என்ற விஷமும் உண்டாகலாம். ஆய்வகத்தில் மூடிய குடுவையில் பிடிக்கிற வாயுவைத் தெருவில் தம்பி தங்கைகள் சுவாசிக்கலாமா? பழைய இரும்புக் கடையில் போடுங்கள், கொளுத்தாதீர்கள். பச்சைத் தீ சோதனையையும் வீட்டில் செய்யாதீர்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு தட்டில் குளோரின் 51.1 சதவீதம். அசிட்டேட்டு எத்தனை பங்கு? விடையை எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி