அறைதோறும் ஒலியும் ஒளியும்

தில்லியில் ஃபிளாட் வாங்கும் நம்மவர்கள் பூஜை அறைக்குத் திசை பார்ப்பார்கள். சமையல் மேடைக்குக் கடப்பாக் கல்லா, கிரானைட்டா என்று ஒரு மாதம் விவாதிப்பார்கள். டி.வி. எங்கே என்று கேட்டால் மட்டும் "ஹாலில்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஊரிலிருந்து அம்மாவோ மாமனாரோ வந்து தங்கிய பிறகுதான் சங்கடம் தெரியும். ஹாலில் பேரனுக்குக் கிரிக்கெட், அது முடிந்தால் மற்றவர்களுக்கு இந்தித் தொடர். பின் அறையில் இருக்கும் பெரியவருக்கு இந்தி வராது. பக்கத்து வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேச முடியாது. ஜனவரிக் குளிரில் வெளியே போகவும் முடியாது. தமிழ்ச் செய்தியும் மாலையில் ஒரு தொடரும் அவருக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்ட பிறகு, அவர் காதில் விழும் தமிழ் அவ்வளவுதான்.

மின்னணுத் துறையில் நெடுநாள் உழைத்தவன் என்பதால், சங்கத்து அன்பர்கள் இது பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் முதலில் கேட்கும் எதிர்க்கேள்வி ஒன்றுதான்: எல்லா அறையிலும் ஒரே நிகழ்ச்சி வேண்டுமா, அல்லது அறைக்கு அறை வேறு வேறா? காலையில் வீடு முழுக்க சுப்ரபாதம் ஒலிக்க வேண்டும் என்பது ஒரு வேலை. அம்மா ஒன்று பார்க்க, பேரன் வேறொன்று பார்ப்பது முற்றிலும் வேறு வேலை. இதைத் தீர்மானிக்காமல் கடைக்குப் போனால், கடைக்காரர் தம்மிடம் இருப்பதை விற்றுவிடுவார்.

முதலில் டிஷ். இரண்டாவது டி.வி. வாங்கியதும் பலரும் செய்வது, இறங்கி வரும் கேபிளில் நூறு ரூபாய்க்குள் ஒரு ஸ்பிளிட்டர் போட்டு இரண்டாகப் பிரிப்பது. 1990களில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கறுப்பு ஒயர் தாவிய கேபிள் டி.வி. காலத்தில் அது சரியாக வேலை செய்தது. எல்லாச் சேனல்களும் ஒரே ஒயரில் ஒன்றாக வந்தன. யார் வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். டிஷ் விஷயம் அப்படியல்ல. ஏன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கருவியின் பெயர் எல்.என்.பி. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை. அதை அப்படியே கேபிளில் விட்டால் வழியிலேயே தேய்ந்துவிடும். எனவே எல்.என்.பி. அதை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கிக் கீழே அனுப்புகிறது. அதற்கு வேண்டிய மின்சாரத்தை, அதே கேபிள் வழியாக, செட்டாப் பாக்ஸ் மேலே அனுப்புகிறது. சூட்சுமம் இந்த மின்சாரத்தில்தான் இருக்கிறது. 13 வோல்ட் போனால் "செங்குத்தாக அதிரும் அலைகளைக் கொடு" என்று பொருள். 18 வோல்ட் போனால் "கிடையாக அதிரும் அலைகளைக் கொடு" என்று பொருள். சேனல்கள் இந்த இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கும்.

இப்போது ஒரே கேபிளை இரண்டு பாக்ஸுக்குப் பிரித்தால் என்ன ஆகும்? ஹால் பாக்ஸ் 18 கேட்கிறது, பின் அறை பாக்ஸ் 13 கேட்கிறது. இரண்டும் ஒன்று சேரும் இடத்தில் 18 வோல்ட்டே ஜெயிக்கும். எல்.என்.பி. ஹாலுக்குக் கீழ்ப்படியும்; பின் அறையில் "சிக்னல் இல்லை" என்று வரும். ஹாலில் சேனலை மாற்றியதும் பின் அறையில் படம் திரும்ப வந்துவிடும். பெரியவர் தாம் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டதாக நினைத்து, ரிமோட்டைத் தொடவே பயப்படுவார். ரிப்பேர்காரர் பாக்ஸை மாற்றுவார், பணம் வாங்குவார், போவார். கோளாறு அப்படியே இருக்கும்.

இதற்கு மருந்து இரண்டு அல்லது நான்கு வாய் உள்ள எல்.என்.பி. கடையில் ட்வின், குவாட் என்று கேட்க வேண்டும். டிஷ் அதே டிஷ்தான். ஒவ்வொரு பாக்ஸுக்கும் மாடியிலிருந்து தனிக் கேபிள் இறங்க வேண்டும். கட்டணச் சேவை என்றால் இரண்டாவது பாக்ஸையும் அதே நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும். மாதச் சந்தா வேண்டாம் என்பவர்கள் பெரியவர் அறைக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைக்கலாம். 2024 ஜனவரி வரை பொதிகை என்ற பெயரில் இருந்த டி.டி. தமிழ் அதில் வருகிறது. ஆனால் உங்கள் பழைய டிஷ் வேறு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தால், இதற்குத் தனி டிஷ் தேவை.

கேபிளில் கஞ்சத்தனம் கூடாது. ஆர்.ஜி. 6 என்ற ரகத்திலேயே 20 மீட்டருக்கு 1000 மெகாஹெர்ட்ஸில் சுமார் 4 டெசிபெல் தேயும். 2000 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபெல். 3 டெசிபெல் தேய்ந்தாலே சக்தி பாதி போய்விட்டது என்று கணக்கு. நடுவில் முறுக்கி ஒட்டுப்போட்டு டேப் சுற்றினால் மழை நாளில் படம் கட்டம் கட்டமாக உடையும்.

இனி ஒலி. ஹாலில் உள்ள ஆம்ப்ளிஃபயரிலிருந்து சமையலறைக்கும் பூஜை அறைக்கும் ஒயர் இழுத்து ஸ்பீக்கர் மாட்டுகிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் மொத்தத் தடை 4 ஓம். நான்கை இணைத்தால் 2 ஓம். வீட்டு ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் பெரும்பாலும் 4 முதல் 8 ஓம் என்றுதான் எழுதியிருக்கும். அதற்குக் கீழே போனால் சூடாகி, ஒரு நாள் கருகும். கோயில் திருவிழாவிலும் ரயில் நிலையத்திலும் எத்தனையோ ஸ்பீக்கர்கள் ஒரே ஒயரில் தொங்குகின்றனவே என்று கேட்கலாம். அது 100 வோல்ட் லைன் முறை. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாட் என்று தேர்ந்துகொள்ளலாம். கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டக்கூடாது, அவ்வளவே. நான்கைந்து அறைக்கு ஒரே பாட்டு வேண்டுமென்றால் என் ஓட்டு இந்தப் பழைய முறைக்குத்தான். அறைக்கறை சுவரில் ஒரு வால்யூம் திருகியும் வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண 8 ஓம் ஸ்பீக்கர்தான் என்றால் ஒயரின் தடிமனைப் பாருங்கள். 20 மீட்டர் தூரம் என்றால் போக, வர 40 மீட்டர் செம்பு. 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதன் தடை ஏறத்தாழ 1 ஓம். ஒலியின் சக்தியில் ஒன்பதில் ஒரு பங்கு ஒயரைச் சூடாக்கவே போய்விடும். 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் அந்த நஷ்டம் பாதியாகும்.

ஒயரே வேண்டாம், புளூடூத் இருக்கிறதே என்பார்கள் பிள்ளைகள். ஓர் அறைக்கு அது போதும். ஆனால் புளூடூத்தில் ஒலி பத்தில் ஒரு நொடி, சில சமயம் அதற்கு மேலும், பின்தங்கும். ஹாலில் ஒயர் ஸ்பீக்கரும் சமையலறையில் புளூடூத்தும் ஒன்றாகப் பாடினால், நடையில் நிற்பவருக்கு மலைக்கோட்டையில் கூப்பிட்ட மாதிரி எதிரொலி கேட்கும். வைஃபை ஸ்பீக்கர்களில் நேரத்தை ஒன்றுபடுத்தும் வசதி உள்ளவை உண்டு. ஆனால் பொதுவாக எல்லாம் ஒரே தயாரிப்பாக இருந்தால்தான் சேர்ந்து பாடும். சமையலறைக்கு வானொலி மட்டும் போதுமென்றால், ஆகாசவாணியின் தமிழ் நிலையங்கள் பல அதன் செயலியிலேயே கிடைக்கின்றன. பழைய செல்போன் ஒன்றே போதும்.

இணையம் வழியாக டி.வி. பார்ப்பவர்களுக்கு அறைக்கு அறை வேறு நிகழ்ச்சி என்பது சிரமமே இல்லை. நல்ல தெளிவான படத்துக்கு டி.வி. ஒன்றுக்குச் சுமார் 5 மெகாபிட் வேகம் போதும். இடைஞ்சல் செய்வது கான்கிரீட் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் துவண்டுவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தாக்குப்பிடிக்கும். பின் அறைக்கு ஒரு கேட்-6 கேபிள் போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை. 100 மீட்டர் வரை அது தாங்கும். ஹால் பாக்ஸின் படத்தையே பின் அறையிலும் காட்ட எச்.டி.எம்.ஐ. ஒயரை நீட்ட நினைப்பவர்களுக்கும் இதே கேபிள் உதவும். சாதாரண எச்.டி.எம்.ஐ. ஒயர் 10 மீட்டருக்கு மேல் நம்பத் தகுந்ததல்ல. இரு முனையிலும் மாற்றுப்பெட்டி வைத்து கேட்-6 வழியாக அனுப்பலாம். அப்போதும் அங்கே தெரிவது ஹாலில் ஓடும் அதே சேனல்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சுவர்ப் பூச்சு முடியாத ஃபிளாட் உங்கள் கையில் இருந்தால், எலக்ட்ரீஷியனிடம் இவற்றைச் சொல்லுங்கள். ஒவ்வோர் அறையிலிருந்தும் ஒரே இடத்துக்கு, பரணோ செருப்பு அலமாரியோ, தனித்தனி 25 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தாவும் பைப் வேண்டாம். ஒன்று அறுந்தால் பின்னால் உள்ள அறைகளும் போகும். வளைவுகள் மெதுவாக இருக்கட்டும். 230 வோல்ட் மின்சார ஒயர் இந்தப் பைப்புகளில் எக்காரணம் கொண்டும் நுழையக்கூடாது. இரைச்சல் வரும் என்பது மட்டுமல்ல, இன்சுலேஷன் உரிந்தால் ஆபத்து. காலிப் பைப்பிலும் ஒரு கம்பி இழுத்து வைக்கச் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு கேபிள் வந்தால் அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். பூசுவதற்கு முந்தின நாள், சுவரோடு ஒரு டேப்பை வைத்து ஒவ்வோர் அறையையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். பின்னாளில் அலமாரிக்கு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் தேவைப்படும்.