கைகாட்டினால் கேஸ் முடிந்ததா?

பள்ளிப்பட்டில் ஒரு செயின் பறிப்பு நடந்தால் போதும், நகரி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: "பறிகொடுத்த அம்மாவே ஆளைக் காட்டிட்டாங்க. அப்புறம் என்ன விசாரணை?" எத்தனை முறை மறுத்தாலும் இந்தப் பேச்சு அடங்குவதில்லை.

அது முழுத் தவறு. சந்தேக நபரைப் பலரோடு வரிசையில் நிறுத்தி நடத்தும் அடையாள அணிவகுப்பில் சாட்சி கைகாட்டுவது தனித்து நிற்கும் சான்றே அல்ல. சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்வதுதான் சான்று. அணிவகுப்பு அதற்குத் துணை மட்டுமே. 1970இல் புத்சேன் வழக்கிலும் 2003இல் மல்கான்சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்.

"அடித்துச் சொல்கிறாரே, பொய்யா சொல்வார்?" என்று அடுத்த கேள்வி வரும். பொய் சொல்ல வேண்டியதில்லை. மனமார நம்பியே தவறலாம். 1984இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி, முதலில் புகைப்படத்திலும் பிறகு அணிவகுப்பிலும் ரொனால்ட் காட்டனைக் காட்டினார். போலீசார், "படத்தில் காட்டியவரும் இவரேதான்" என்றார்கள். தயக்கம் போனது. 1987 மறுவிசாரணையில் உண்மைக் குற்றவாளியையே எதிரில் நிறுத்தியபோது, அவரைப் பார்த்ததே இல்லை என்றார் அந்தப் பெண். 1995இல் டி.என்.ஏ. சோதனைதான் காட்டனை மீட்டது. சிறையில் போனது பத்தாண்டுக்கு மேல்.

உளவியலாளர் கேரி வெல்ஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. தவறான ஆளைக் காட்டியவர்களிடம் "சரியாகக் காட்டினீர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னதுமே, முகத்தை நன்றாகப் பார்த்ததாகவே அவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு ஒரு வரி போதும். அணிவகுப்பை இன்ஸ்பெக்டர் நடத்துவதில்லை. மாஜிஸ்திரேட் நடத்துவார், போலீஸ் அங்கே நிற்கக் கூடாது. சந்தேக நபரோடு யாரையும் நிறுத்திவிட முடியாது. வயது, உயரம், தோற்றம் ஒத்தவர்கள் வேண்டும். ஏற்கெனவே பழகிய ஆளென்றால் அணிவகுப்பே தேவையில்லை.

இத்தனை கவனத்தையும் டிவியிலோ செல்போனிலோ பரவும் ஒரு படம் கெடுத்துவிடுகிறது. 2016 நுங்கம்பாக்கம் ரயில் நிலையக் கொலை வழக்கில், பிடிபட்டவரின் முகம் தொலைக்காட்சி எங்கும் வந்த பிறகே புழல் சிறையில் அணிவகுப்பு நடந்தது. படத்தை முன்பே பார்த்த சாட்சி, அணிவகுப்பில் காட்டுவது சம்பவத்தில் கண்ட முகத்தையா, படத்தில் கண்ட முகத்தையா என்று எந்த வக்கீலும் கேட்பார். ஆகவே, பிடிபட்டவரின் படத்தைப் போலீஸ் வெளியிடவே கூடாது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தால் அட்மின் உடனே அழிக்க வேண்டும். சம்பவத்தைப் பார்த்தவர் குழுவில் எழுதாமல் நேரே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும்.